வைரவருக்காக எட்டு அடி நகர்த்திய குழாய்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் குழாயை நகர்த்தியது நான்தான். கொம்பியூட்டர் பழுதாகவில்லை, மின்சாரம் இடையில் போகவில்லை, வைரஸ் வரவில்லை. (இந்த மூன்று சாட்டும் அந்தக் காலத்து வவுனியாவில் தாராளமாகக் கிடைத்தன. சொன்னால் யாரும் நம்புவார்கள். நான் ஒன்றையும் எடுக்கவில்லை.) நான் நகர்த்தினேன், ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் புகைக்குள் கிடந்து தும்மினார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் என் பிள்ளைகள், "அம்மா, கொஞ்சமாவது வெக்கப்படுங்கோவன்" என்பார்கள். பட்டாயிற்று. அன்றைக்கே ஒரு அரை மணித்தியாலம் பட்டேன். அதற்கு மேல் ஏன் படவேண்டும்?

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி. எனக்கு இருபத்திரண்டு வயது. வவுனியா நகரில், சைக்கிள் சாமான் விற்கும் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஒரு பொறியியலாளரின் அலுவலகத்தில் படவரைஞராகச் சேர்ந்திருந்தேன். சேர்ந்திருந்தேன் என்பது கொஞ்சம் பெரிய சொல். "ஆறு மாசம் பாப்பம்" என்றுதான் ஞானசேகரம் சேர் சொல்லியிருந்தார். அந்த ஆறு மாதத்துக்குள் ஒரு கட்டடத்தின் படங்களை ஒழுங்காகச் செய்து முடித்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் செட்டிகுளம் பஸ்ஸில் ஏறிப் போய், அப்பாவின் மிளகாய்த் தோட்டத்தில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறவேண்டியதுதான்.

சேர் கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு பெண் பிள்ளை படம் கீற வருவதை அவர் அதற்கு முன் கண்டதில்லை. நேர்முகப் பரீட்சையில் என் சான்றிதழ்களைப் பார்த்ததைவிட என் முகத்தைத்தான் அதிகம் பார்த்தார். "எந்த ஊர் பிள்ளை?" என்று கேட்டார். செட்டிகுளம் என்றேன். "அதுக்கு முந்தி?" என்றார்.

"அதுக்கு முந்தி நான் பிறக்கேல்லை சேர்."

அவர் கேட்டது எனக்கு விளங்காமல் இல்லை. அப்பாவும் அம்மாவும் மலையில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள், அங்கே இனக் கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். அதை என் வாயால் சொல்ல வைத்து, பிறகு "ஆ, அப்பிடியோ" என்று தலையாட்டுவதில் இந்த நகரத்தில் பலருக்கு ஒரு சுகம் இருந்தது. அந்தச் சுகத்தை நான் இலவசமாகக் கொடுப்பதில்லை. (வாய்க்கொழுப்பு என்று அம்மா இதைத்தான் சொல்வா. இன்றைக்கும் குறையவில்லை.)

சேர்ந்த முதல் கிழமையே சண்டை பிடித்தேன். ஒவ்வொரு கட்டடப் படத்தின் வலதுபக்க மூலையிலும் ஒரு பெட்டி இருக்கும். அதில் 'வரைந்தவர்' என்று ஒரு கோடு, 'சரிபார்த்தவர்' என்று ஒரு கோடு. சரிபார்த்தவர் கோட்டில் சேர் கையெழுத்து வைப்பார். வரைந்தவர் கோட்டில் எப்போதும் அலுவலகத்தின் பெயர்தான் இருக்கும். நான் போய், கீறினது நான் என்பதால் என் பெயர்தான் வரவேண்டும் என்றேன். சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, பேர் போட்டால் பொறுப்பும் வரும் என்று எச்சரித்தார். வரட்டும் என்றேன். அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, போட்டுத் தொலை என்கிற மாதிரிக் கையைக் காட்டினார்.

சும்மா ஒரு பெயருக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் குடும்பத்தில் பெயர் எழுதப்பட்டது என்றால் அது தோட்டத்துச் செக்ரோலில்தான், வேலைக்கு வந்தார்களா இல்லையா என்று துரைமார் பார்க்க. பிறகு நிவாரண அட்டையில். எங்கள் பெயரை எப்போதும் வேறு யாரோதான் தங்கள் தேவைக்கு எழுதினார்கள், அதுவும் பிழையாக. நானே ஒன்றைச் செய்து, அதன் கீழே நானே என் பெயரை எழுதுவது எனக்குச் சோறு தின்பது போல அவசியமாக இருந்தது. 'மு. செல்வராணி' என்று முதல் படத்தில் அச்சாகி வந்தபோது அதை அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தை இல்லை, பெட்டியை.

இனி அந்த மென்பொருளைப் பற்றி. கட்டடத்துக்குள் போகும் தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், டக்ட் எல்லாவற்றையும் கீறுவதற்கென்றே ஒன்று, கொழும்பிலிருந்து சேரின் மருமகன் கொண்டுவந்த சீடியில் எங்களிடம் வந்து சேர்ந்தது. டக்ட் என்றால் தகரத்தில் செய்த பெரிய சதுரக் குழாய். பெரிய மண்டபங்களில் ஏசிக் குளிர்க்காற்றைக் கொண்டுவருவதும் அதுதான், குசினிப் புகையை வெளியே தள்ளுவதும் அதுதான். வவுனியாவில் அதைக் கண்டவர்கள் குறைவு. நானும் படத்தில்தான் கண்டிருந்தேன்.

அந்த மென்பொருள் மகா இணக்கமானது. ஒரு துண்டை நகர்த்தினால் அதோடு பொருத்திய மற்றத் துண்டுகள் தாங்களாகவே நீண்டோ சுருங்கியோ இடைவெளி விடாமல் ஒட்டிக்கொள்ளும். ஆனால் நகர்த்தும் ஒவ்வொரு முறையும் ஒரு சின்னப் பெட்டி வந்து, இணைந்திருப்பவற்றையும் சரிப்படுத்தட்டுமா, அல்லது அவற்றை இருந்தபடியே விடட்டுமா என்று கேட்கும். அசையக்கூடாத துண்டைப் பூட்டி வைக்கவும் வழி இருந்தது. பூட்டினால் என்ன செய்தாலும் அது அந்த இடத்தை விட்டு அசையாது. எவ்வளவு நல்ல ஏற்பாடு பாருங்கள். நான் என்ன செய்தேன்? மூன்றாம் நாளே அந்தக் கேள்வியில் எரிச்சல் வந்து, அடியில் இருந்த 'இனிக் கேட்காதே' என்ற கட்டத்தில் சரி போட்டேன். மென்பொருள் சொல்வழி கேட்டது. அதற்குப் பிறகு என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. பூட்டு என்று ஒன்று இருந்ததையும் நான் மறந்தேபோனேன்.

என் முதல் கட்டடம் இடம்பெயர்ந்த பெண் பிள்ளைகளுக்கான ஒரு விடுதி. கொழும்பில் இருந்த ஒரு தொண்டு நிறுவனம் கட்டிக்கொடுத்தது. ஒரு பக்கத்தில் குசினி, அதை ஒட்டிச் சாப்பாட்டு மண்டபம், மண்டபத்தின் முடிவில் சின்ன மேடை. குசினிக்கு மற்றப் பக்கம் அயல்வீட்டுக்காரர் புகை வரக்கூடாது என்று பிரதேச சபையில் மனுக் கொடுத்திருந்தார். ஆகவே அடுப்புப் புகையை ஒரு மின்விசிறி இழுத்து, மண்டபத்தின் மேலால் டக்டில் கொண்டுபோய், மேடைக்குப் பின்னால் உள்ள வெளிச்சுவரைத் துளைத்துப் பின்வளவில் விடவேண்டும். நேராக மேலே ஒரு புகைக்கூடு வைத்தால் போதாதா என்று அப்பா கேட்டார். போதும்தான். ஆனால் கொழும்புக்காரர் நவீன குசினி கேட்டார்கள், எனக்கும் டக்ட் கீற ஆசையாக இருந்தது.

படம் முடிந்தது. குழாய் தாழ்க்கக் கானுக் கிண்டத் தொடங்கிய அன்றே வேலையாட்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டார்கள். பின்வளவில் ஒரு வேம்பு, அதன் அடியில் ஒரு வைரவர் சூலம். யார் எப்போது நட்டது என்று தெரியாது, ஆனால் வைரவர் வைரவர்தான். நான் கீறிய கழிவுத் தண்ணீர்க் குழாய் அவருடைய காலடியால் போனது. கிண்டமாட்டோம் என்று மேசன் சொல்லியனுப்பினார். சேர் அறிவியல் பேசுகிற ஆள்தான், ஆனாலும் வைரவரோடு விளையாட அவருக்கும் துணிவில்லை. "குழாயை எட்டு அடி சுவர்ப் பக்கமா எடும் பிள்ளை" என்றார்.

எடுத்தேன். குழாயின் துண்டுகள் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடிக்கத் திரையில் ஒரு பெரிய சதுரம் இழுத்தேன். அந்தச் சதுரத்தின் ஓரம், வெளிச்சுவருக்கு அப்பால் இரண்டு அடி நீட்டிக்கொண்டிருந்த டக்டின் வாயையும் தொட்டது. தொட்டதையெல்லாம் பிடிப்பது அதன் வழக்கம். எட்டு அடி என்று தட்டினேன். குழாய் சுவர்ப் பக்கமாக எட்டு அடி வந்தது. கூடவே டக்டின் வாயும் எட்டு அடி வந்தது, அதாவது சுவரைத் தாண்டி மண்டபத்துக்குள் ஆறு அடி. பின்னால் இருந்த டக்ட் மரியாதையாகச் சுருங்கி இடம் கொடுத்தது. ஒரு இடைவெளி விழுந்திருந்தாலாவது கண்டிருப்பேன். ஒரு கேள்வி வந்திருந்தாலாவது யோசித்திருப்பேன். கேள்வி கேட்கிற வாயைத்தான் நான் மூன்றாம் நாளே பொத்திவிட்டேனே.

சேர் அசந்துபோனார். முன்பெல்லாம் இப்படி ஒரு மாற்றம் என்றால் பிளேட்டால் மையைச் சுரண்டிச் சுரண்டி ஒரு பகல் போகும். நான் ஒரு தேத்தண்ணி ஆறும் நேரத்துக்குள் முடித்துவிட்டேன். கழிவுக் குழாய்ப் படத்தை வரி வரியாகப் பார்த்துக் கையெழுத்து வைத்தார். மற்றப் படங்களைப் புரட்டியபடி, "இதுகளிலை ஒண்டும் மாறேல்லைத்தானே?" என்றார். ஒன்றும் மாறவில்லை என்றேன். அவற்றிலும் கையெழுத்து வைத்தார். அன்றைக்கு எனக்கு இருந்த தலைக்கனத்துக்குப் பஸ்ஸில் இரண்டு ரிக்கெற் எடுத்திருக்கவேண்டும்.

மூன்று கிழமை கழித்து, தகரவேலை செய்யும் அந்தோனி அண்ணை படத்தைச் சுருட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு ஏறி வந்தார். அவர் முல்லைத்தீவுக் கரையில் வள்ளம் வைத்துத் தொழில் செய்தவர். இடம்பெயர்ந்து வவுனியாவுக்கு வந்தபின் கடலும் இல்லை, வள்ளமும் இல்லை, தகரம் வெட்டப் பழகிக்கொண்டார். நகரத்தில் தங்குவதற்கு அவருக்குப் பாஸ் வேண்டும். பாஸைப் புதுப்பிக்க, இன்னார் எங்களிடம் வேலை செய்கிறார் என்று சேர் கடிதம் கொடுக்கவேண்டும். கடிதம் இல்லையென்றால் அவரும் மனைவியும் மூன்று பிள்ளைகளும் திரும்ப அகதி முகாமுக்குள் போகவேண்டும்.

"தங்கச்சி, உந்த டக்டின்ரை வாய் மண்டபத்துக்குள்ளை நிக்குது. சுவருக்கு இன்னும் ஆறு அடி கிடக்கு. சரியோ எண்டு ஒருக்காப் பாருங்கோ" என்றார்.

பார்த்திருக்கவேண்டும். பத்து நொடி வேலை. ஆனால் எனக்குக் கோபம் ஏறிவிட்டது. ஆம்பிளை கீறியிருந்தால் இந்த ஆள் இப்படிப் படி ஏறி வந்து கேட்பாரா என்று நினைத்தேன். (கேட்டிருப்பார். அவர் எல்லோரிடமும் கேட்கிறவர். இது பிறகுதான் தெரிந்தது.)

"அண்ணை, அது கொம்பியூட்டர் அளந்து கீறினது. படத்திலை எப்பிடி இருக்கோ அப்பிடியே செய்யுங்கோ" என்றேன். தலையைக்கூடத் திருப்பவில்லை.

அவர், படிச்ச பிள்ளைக்குத் தெரியும்தானே என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நக்கலாகச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. உண்மையாகவே நம்பிச் சொன்னார்.

நம்பியதோடு அவர் நிற்கவில்லை. மண்டபத்துக்குள் வாய் திறக்கிற டக்ட் என்றால் அது ஏசியாகத்தான் இருக்கவேண்டும் என்று தானே முடிவு கட்டி, சும்மா சதுரமாக விடாமல், அந்த வாயைச் சுற்றித் தகரத்தில் தாமரை இதழ் வெட்டி ஒட்டியிருக்கிறார். மேசன் அதைக் கண்டு, மண்டபத்துக்கு ஏசி வருகிறது என்று ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார். சேர் போய்ப் பார்த்த நாட்களில் மண்டபத்துக்குள் மூங்கில் சாரம் கட்டிச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாந்து பார்த்தால் கண்ணில் விழும், ஆகவே அவர் அண்ணாந்து பார்க்கவில்லை. நான் போய்ப் பார்க்கக் கேட்டபோது, பெண் பிள்ளை ஏன் வெய்யிலுக்குள் அலைகிறது என்று சொல்லிவிட்டார். அதற்கு இன்றைக்கும் எனக்குக் கோபம்தான். நான் போயிருந்தால் கதையே இல்லை.

ஆகவே, நான் கீறிய கட்டடத்தை நான் முதன்முதல் கண்டது திறப்பு விழா அன்று காலையில். என் ஆறு மாதத் தவணை முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. புதுச் சீலை உடுத்து, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு போனேன். மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் கொழும்பிலிருந்து வந்த தொண்டு நிறுவனத்து அம்மா, சேர், இன்னும் நான்கு பெரியவர்கள். அவர்களுடைய கதிரைகளைக் குளிர்க்காற்று நன்றாகப் படட்டும் என்று தாமரைக்கு நேர் கீழே போட்டிருந்தார்கள்.

தாமரை. நான் எங்கே தாமரை கீறினேன்? அண்ணாந்து பார்த்தேன். என் டக்ட் மேடைக்கு மேலே வந்து, சுவரைத் தொடாமல், விருந்தாளிகளைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நின்றது. எட்டு அடி, எட்டு அடி என்று மனதுக்குள் யாரோ சொன்னார்கள்.

குசினிக்கு ஓடினேன். அங்கே புது அடுப்பில் விறகு வைத்துப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அடுப்பை அணையுங்கோ என்றேன். சுற்றி நின்ற பெண்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதமுடியாது. புதுக் கட்டடத்தில் பால் பொங்கமுதல் அடுப்பை அணைக்கிறதா? அபசகுனம் பிடித்தவளே என்று ஒரு அம்மா முழங்கையால் என்னைத் தள்ளினா. சரி, விசிறியையாவது நிறுத்துவோம், புகை குசினிக்குள்ளேயே நிற்கட்டும் என்று சுவரில் இருந்த சுழற்றியைப் பிடித்துச் சுழற்றினேன். அதில் எந்தப் பக்கம் கூட, எந்தப் பக்கம் குறைய என்று எழுதியிருக்கவில்லை. விசிறி உறுமியபடி முழு வேகம் எடுத்தது. அந்த நேரம் பார்த்து, மத்தியானச் சாப்பாட்டுக்குச் சாம்பார் தாளிக்கவென்று மற்ற அடுப்பில் நின்ற அம்மா கொதித்த எண்ணெய்க்குள் ஒரு கை நிறையக் காய்ந்த செத்தல் மிளகாயைப் போட்டா.

திரும்பி மண்டபத்துக்கு ஓடி வந்தேன். கொழும்பு அம்மா பேசத் தொடங்கியிருந்தா. தாமரை வாயிலிருந்து முதலில் ஒரு மெல்லிய கீற்று வந்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர் ஏசி போட்டுட்டாங்கள் என்று பக்கத்து ஆளுக்குச் சொன்னார். பிறகு புகை பொத்துக்கொண்டு வந்தது.

யுத்தம் கண்ட வன்னிச் சனத்துக்குக் கூரைப் பக்கத்திலிருந்து புகை வந்தால் என்ன செய்யவேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஒருவரும் கத்தவில்லை, ஒருவரும் ஓடவில்லை. முன்வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை ஒரே நேரத்தில் எல்லோரும் நிலத்தில் படுத்துவிட்டார்கள். தாய்மார் பிள்ளைகளை அடியில் போட்டு மேலே கவிழ்ந்தார்கள். மேடையில் சேர் மேசைக்குக் கீழே போய்விட்டார். மண்டபம் முழுக்கக் கதிரைகள் மட்டும் வெறுமையாக நிற்க, புகைக்கு நடுவில் நிமிர்ந்து நின்ற ஒரே ஆள் கொழும்பு அம்மாதான். கையில் பேச்சுத் தாளோடு, ஒரு நொடிக்கு முன்னம் இருந்த சனம் எங்கே போனது என்று தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றா.

பிறகு தும்மல் தொடங்கியது. ஒன்று, இரண்டு, பிறகு மண்டபம் முழுக்க. எனக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்திருந்த ஒரு வயதானவர் தலையைக் கொஞ்சம் தூக்கி, மூக்கை உறிஞ்சி, மிக அமைதியாகச் சொன்னார்: "உது குண்டில்லை. செத்தல் மிளகாய்."

ஒவ்வொரு தலையாக எழும்பியது. யாரோ ஒரு பெண் சிரிக்கத் தொடங்கினா, பிறகு எல்லோருமே தும்மலும் சிரிப்புமாகப் பின்வளவுக்கு ஓடினார்கள். அந்தச் சிரிப்பை நான் மறக்கமாட்டேன். அவ்வளவு பேரும் உயிரோடு எழும்பி நின்று சிரித்த சிரிப்பு அது. என்னால் மட்டும் சிரிக்க முடியவில்லை.

வேம்பின் கீழே சேர் என்னைப் பிடித்தார். படத்தை அவர் கையில் வைத்திருந்தார், பார்த்துமிருந்தார். முகம் முழுக்கச் சுண்ணாம்பு நிறம். குரலைத் தாழ்த்தி, "நீர் வாயைத் திறக்காதையும். உம்மடை பேரை எடுத்துப்போட்டு வேறை தாள் அடிப்பம். உம்மடை வேலைக்கு ஒண்டும் வராது" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற கொழும்பு அம்மாவிடம் போய், தகரவேலை செய்தவர் படத்தைப் பிழையாக விளங்கிக்கொண்டுவிட்டார், அந்த ஆளை இன்றோடு நிற்பாட்டுகிறேன் என்றார்.

அந்தோனி அண்ணை பக்கத்தில்தான் நின்றார். நான் வந்து கேட்டனான் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார். அவ்வளவுதான்.

எனக்கு அந்த வேலை வேண்டும். மிகவும் வேண்டும். நான் துணிச்சல்காரி என்று பிறகு பலர் சொன்னார்கள். அந்த நேரம் நான் எண்ணியது மிச்ச நாட்களைத்தான். ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை நிரந்தரம். ஆனால் பெயரை எடுத்துப்போடுவம் என்று சேர் சொன்னாரே, அதுதான் என்னைக் கிளப்பியது. சண்டை பிடித்துப் போட்ட பெயர். நல்லது நடந்தால் இருக்கவும், பிழைத்தால் கழற்றவும் அது என்ன காதுத் தோடா?

"மேடம், அந்தோனி அண்ணையிலை பிழை இல்லை" என்றேன். "படம் பிழை. படம் கீறினது நான். அவர் சரியோ எண்டு வந்து கேட்டவர். நான்தான் பாக்காமல் அப்பிடியே செய்யச் சொன்னனான்."

அந்த அம்மா சேரின் கையிலிருந்த படத்தை வாங்கி விரித்தா. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூலைப் பெட்டியைக் கண்டுபிடித்து, பள்ளிக்கூடத்தில் வரவு பார்க்க டாப்புக் கூப்பிடுவது போல வாசித்தா. வரைந்தவர், மு. செல்வராணி. நான் ஓம் என்றேன். சரிபார்த்தவர் என்று தொடங்கி அடுத்த பெயரையும் வாசித்தா. (நான் சேரின் பெயரைச் சொல்லவில்லை. இதை எங்கேயும் சத்தியம் செய்வேன். அவவாகத்தான் வாசித்தா.) சேர் ஓம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தோனி அண்ணையை நிற்பாட்டுகிற கதை அதோடு முடிந்தது.

போகும்போது சேர் என்னைப் பார்க்காமல், திங்கட்கிழமை வேலையை விடுகிற கடிதத்தோடு வரச் சொன்னார்.

வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அழுதா. அப்பா காலில் தோட்டத்துச் சேறு காயாமல் முற்றத்தில் நின்று முழுவதையும் கேட்டார். பிறகு ஒரேயொரு கேள்வி கேட்டார். "ஒம் பேரச் சத்தமாப் படிச்சாங்களா?"

"ஆமாப்பா. எல்லாருக்கும் கேட்டுச்சு."

அப்பா தலையாட்டிவிட்டுக் கால் கழுவப் போனார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

திங்கட்கிழமை கடிதம் இல்லாமல் போனேன். கொம்பியூட்டரைத் திறந்து, முதல் வேலையாக, 'இனிக் கேட்காதே' என்பதில் போட்ட சரியை எடுத்தேன். டக்டின் வாயைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய்ப் பூட்டினேன். சுவரைப் பூட்டினேன், குழாயைப் பூட்டினேன், பூட்டத் தேவையில்லாத வாசல் கதவையும் பூட்டினேன். திருத்தம் செய்த காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். வழக்கமாக அதில் 'வாடிக்கையாளர் கேட்டபடி' என்று எழுதுவோம். நான் 'வரைந்தவரின் பிழை' என்று எழுதி, கீழே என் பெயரையும் போட்டு, சேரின் மேசையில் வைத்தேன்.

கடிதம் எங்கே என்று கேட்டார். படத்தைத் திருத்தாமல் போக மனம் வரவில்லை என்றேன். அவர் அளவுகோலை எடுத்தார். இரண்டு மணித்தியாலம் அந்தப் படத்தின் ஒவ்வொரு கோட்டையும் அளந்தார். பிறகு கையெழுத்து வைத்தார். கடிதத்தைத் திரும்பக் கேட்கவில்லை. அதன் பிறகு மூன்று கிழமை என்னோடு ஒரு வார்த்தை பேசவுமில்லை. ஏதாவது சொல்லவேண்டுமென்றால் சுவருக்குச் சொல்வார், நானும் சுவருக்குப் பதில் சொல்வேன். தவணை முடிந்த நாள் எப்போது போனதென்று இரண்டு பேருமே கவனிக்கவில்லை. அந்தோனி அண்ணைக்கும் பாஸுக்குரிய கடிதம் கிடைத்தது. அவர் டக்டை எட்டு அடி நீட்டிச் சுவருக்கு வெளியே விட்டார். தாமரையை மட்டும் கழற்ற மனமில்லாமல் அதையும் வெளியே கொண்டுபோய் வைத்தார்.

நாலாவது கிழமை ஒரு கடைக்காரர் வந்து, தன் கட்டடத்துக்கு ஆம்பிளைப் படவரைஞர் யாரும் இல்லையா என்று கேட்டார். சேர் சுவரைப் பார்க்கவில்லை. என்னைக் காட்டி, "அந்தப் பிள்ளையிட்டைக் குடுங்கோ. அது பிழை விட்டா வந்து சொல்லும். மற்றவை சொல்லாயினம்" என்றார். மற்றவர்கள் என்று சொல்லும்போது அவர் தன்னையும் சேர்த்துத்தான் சொன்னார் என்று எனக்குப் பட்டது. அந்த அலுவலகத்தில் பதினொரு வருடம் இருந்தேன்.

அந்தத் திறப்பு விழாவுக்கு இரண்டு வருடம் கழித்து எனக்குக் கலியாணம். மாப்பிள்ளை பரந்தன் ஆள், இடம்பெயர்ந்து வந்தவர். செட்டிகுளத்தில் கோயில் மண்டபத்தில் நடந்தது. ஐயர் ஓமத்துக்கு ஈர விறகைப் போட்டுவிட்டார். ஒரு நொடியில் மண்டபம் புகைக்குள் மறைந்தது. வவுனியாவிலிருந்து வந்திருந்த அலுவலகத்து ஆட்கள், மேசன், சேர் எல்லோருமே திரும்பிக் கூரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். மூன்றாவது வரிசையிலிருந்து அந்தோனி அண்ணை கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்பினார்.

"தங்கச்சி, இதுவும் நீங்கள் கீறினதோ?"

மணப்பெண் தலை குனிந்து இருக்கவேண்டும். பேசக்கூடாது. மாப்பிள்ளை வீட்டார் நாற்பது பேர் என்னை முதன்முதல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையை நிமிர்த்தினேன்.

"இல்லை அண்ணை. இது ஐயர் கீறினது."

மாமி இந்தக் கதையை இன்றைக்கும் வருகிற போகிற எல்லோருக்கும் சொல்வா. தாலி ஏறமுதலே வாய் காட்டின மருமகள் என்று தொடங்குவா. நான் குசினியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். எங்கேயாவது பிழையாகச் சொன்னால் வெளியே வந்து திருத்துவேன், ஏனென்றால் அது என் கதை.